எல்லாவற்றையும் உதறினால்தான் உண்மையாக வாழ முடியுமா?

கேள்வி இது: "இருத்தலியல் பற்றிக் கொஞ்சம் படித்த பிறகு, நான் வாழ்வதெல்லாம் நடிப்பாகத் தெரிகிறது. அலுவலகத்தில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம், நண்பர்களிடம் ஒரு முகம். இதில் எது நான் என்றே தெரியவில்லை. உண்மையாக வாழ வேண்டும் என்றால் வேலை, உறவு எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போக வேண்டுமா? உண்மையே ஆளுக்கு ஆள் மாறும் என்றால் எதை நம்பி வாழ்வது?"

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உதற வேண்டியதில்லை. சிலருக்கு உதறுவதே சரியாக இருக்கலாம். ஆனால் உதறிய காரணத்தாலேயே யாருடைய வாழ்க்கையும் உண்மையானதாகிவிடாது. வேலையை விட்டுவிட்டு மலையேறப் போனவர் தன்னை ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். முப்பது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர் தன் வாழ்க்கையை முழுசாகத் தனதாக்கிக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இதைத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பல வருடங்களாக இதைப் படித்தும், மாணவர்களோடு விவாதித்தும், சொந்த வாழ்க்கையில் உரசிப் பார்த்தும் வருகிறவன் என்ற முறையில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உண்மை பற்றிய குழப்பம் தெளிந்தால்தான் நடிப்பு பற்றிப் பேச முடியும்.

1835 ஆகஸ்டில் டென்மார்க்கின் வடக்குக் கடற்கரையில் கில்லலைய என்ற மீனவ ஊரில் தங்கியிருந்த 22 வயது இளைஞர், பின்னாளைய தத்துவவாதி சோரன் கீர்க்ககார்ட், தன் குறிப்பேட்டில் ஒன்று எழுதினார். எனக்கு உண்மையாக இருக்கும் ஓர் உண்மையைக் கண்டடைய வேண்டும், எதற்காக வாழவும் சாகவும் துணிவேனோ அந்த எண்ணத்தைக் கண்டடைய வேண்டும் என்பது அதன் சாரம். மனிதனின் இருப்பு, சுதந்திரம், பொறுப்பு பற்றிப் பேசும், பின்னால் இருத்தலியல் என்று பெயர் பெற்ற சிந்தனைக்கு இந்த வரியை விதையாகச் சொல்வார்கள். "எனக்கு உண்மையாக" என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டு, 'உன் உண்மை உனக்கு, என் உண்மை எனக்கு' என்ற முடிவுக்குப் பலர் போய்விடுகிறார்கள். கீர்க்ககார்ட் அதைச் சொல்லவில்லை. பூமி உருண்டை என்றால் எல்லோருக்கும்தான் உருண்டை. ஓர் உண்மை எனக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் என் வாழ்க்கையில் அது எங்குமே இல்லை. அந்த இடைவெளியை என்ன செய்வது என்பதுதான் அவருடைய கவலை.

இதை விளக்க 1846-இல் அவர் ஒரு கதை சொன்னார். மனநலக் காப்பகத்திலிருந்து ஒருவர் ஜன்னல் வழியாகத் தப்பிக்கிறார். ஊருக்குள் போனால் அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்களே என்ற பயம். தன் புத்தி சரியாக இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டுமானால் யாராலும் மறுக்க முடியாத உண்மையைத்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்கிறார். வழியில் கிடந்த ஒரு விளையாட்டுப் பந்தை எடுத்துத் தன் நீளக் கோட்டின் பின்பக்கத்தில் போட்டுக்கொள்கிறார். ஒவ்வொரு அடிக்கும் பந்து பின்னால் வந்து இடிக்கிறது. இடிக்கும் ஒவ்வொரு முறையும் "டும்! பூமி உருண்டை" என்கிறார். நண்பர் வீட்டுக்குப் போய், அறையில் இங்குமங்கும் நடந்தபடி அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. அந்த உண்மைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுதான் கோளாறு. சரியானதை மட்டுமே பேசும் மனிதர்களை, எல்லா விவாதங்களிலும் ஜெயிக்கிற மனிதர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தப் பந்து நினைவுக்கு வரும்.

இன்னும் நெருக்கமான உதாரணம் டால்ஸ்டாய் 1886-இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்'. இவான் இலியிச் ஒரு நீதிபதி. ஒழுங்கான, யாரும் குறைசொல்ல முடியாத வாழ்க்கை. தீராத நோயில் படுத்த பிறகு, சிறுவயதில் தர்க்கப் பாடத்தில் படித்த ஒரு வாக்கியம் அவருக்கு நினைவு வருகிறது: கேயஸ் ஒரு மனிதன், மனிதர்கள் இறப்பவர்கள், ஆகவே கேயஸ் இறப்பவன். கேயஸ் விஷயத்தில் அது மிகச் சரி என்று வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தார். ஆனால் அவர் கேயஸ் இல்லையே! அம்மா அப்பாவுக்கு அவர் குட்டி வான்யா. தான் ஆசையாக வைத்திருந்த கோடு போட்ட தோல்பந்தின் வாசனை கேயஸுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்கிறார். 'எல்லோரும் ஒருநாள் போகிறவர்கள்தான்' என்று நாமும் பேச்சுவாக்கில் சொல்கிறோம். அந்த 'எல்லோரும்' கேயஸ்தான். நாம் அதில் சேர்த்தி இல்லை.

ஆகவே, உண்மை ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. மாறுவது, அதோடு ஒருவர் என்ன உறவு வைத்திருக்கிறார் என்பது. அந்த உறவை எனக்குப் பதிலாக வேறு யாரும் ஏற்படுத்திக் கொடுக்க முடியாது. என் சாவை, என் பொறுப்பை, ஒருவரை நான் காயப்படுத்திய செய்தியை நானேதான் போய்ச் சந்திக்க வேண்டும். கீர்க்ககார்ட் 1849-இல் எழுதிய இன்னொரு கருத்து உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரு கையோ காலோ கொஞ்சம் பணமோ தொலைந்தால் உடனே தெரிந்துவிடும். தன்னையே தொலைப்பது மட்டும் சத்தமே இல்லாமல் நடந்துவிடும் என்றார். உங்களுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியே வந்திருக்கிறது. அதை ஒரு நோயாக நினைத்து மிரள வேண்டாம்.

அடுத்து, நடிப்பு. பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1943-இல் வெளியிட்ட 'இருப்பும் இன்மையும்' நூலில் வரும் உணவகப் பணியாளரைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். அவருடைய அசைவுகள் கொஞ்சம் அதிகமாகவே துல்லியமாக இருக்கின்றன. மேசையை நோக்கி வரும் நடை கொஞ்சம் அதிக வேகம். குனிந்து கேட்பதில் கொஞ்சம் அதிக ஆர்வம். கயிற்றில் நடக்கிறவரைப் போலத் தட்டைச் சாய்த்தும் நிமிர்த்தியும் கொண்டுவருகிறார். என்ன செய்கிறார் இவர்? உணவகப் பணியாளராக இருப்பதை விளையாடிக் காட்டுகிறார் என்கிறார் சார்த்தர்.

இதைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும், அந்த மனிதர் சீருடையைக் கழற்றிப் போட்டால் உள்ளேயிருந்து அசல் மனிதர் வெளிவருவார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சார்த்தரின் சிந்தனையில் உள்ளே அப்படி யாரும் தயாராக உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு மைக்கூடு மைக்கூடாக இருப்பது போல ஒரு மனிதனால் பணியாளராக இருக்க முடியாது. அதிகாரியாகவோ அப்பாவாகவோ கலகக்காரனாகவோகூட இருக்க முடியாது. இவை எல்லாமே நாம் செய்பவை. தினமும் காலையில் எழுந்து மறுபடியும் செய்ய வேண்டியவை. பாத்திரம் ஏற்பது பிழை இல்லை. பாத்திரத்துக்குள் ஒளிந்துகொண்டு, 'நான் வெறும் பணியாளர், எனக்கென்ன தெரியும், சொன்னதைச் செய்கிறேன்' என்று தன் சுதந்திரத்தையே மறுத்துவிடுவதுதான் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. அதைப் பற்றி மக்கள் குறைவாகவே பேசுகிறார்கள். பத்து வருடமாக ஒரு வேலை பார்க்கிறேன், ஆனால் 'நான் நிஜத்தில் எழுத்தாளன், இது சும்மா' என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு பக்கம்கூட எழுதவில்லை. இங்கே நான் என் சுதந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, நடந்த பத்து வருடங்களை மறுக்கிறேன். மனிதன் இரண்டும் சேர்ந்தவன்: ஏற்கனவே நடந்துபோனவையும், இனி வேறு விதமாக நடக்கக்கூடியவையும். இதில் வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் ஏமாற்று. 'இதெல்லாம் நடிப்பு, உண்மையான நான் வேறு எங்கோ இருக்கிறேன்' என்ற உங்கள் எண்ணத்திலும் இந்த இரண்டாவது வகை கொஞ்சம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகத்தில் பேசியதும் நீங்கள்தான்.

'நான் ஓப்பன் டைப், மனசுல பட்டதைச் சொல்லிடுவேன், கோபக்காரன், அதுதான் நான்' என்கிற மனிதரை எல்லோருக்கும் தெரியும். பார்க்க இவர்தான் மிக உண்மையானவராகத் தெரிவார். சார்த்தர் இந்த வகை நேர்மையையும் விடவில்லை. 'நான் இப்படித்தான்' என்று சொல்லும்போது அவர் கோபத்தைத் தன்னுடைய செயலாக இல்லாமல், உயரம் மாதிரி, கண் நிறம் மாதிரி ஒரு பொருளாக்கிவிடுகிறார். நாளைக்கு அவர் கத்தினால் அதற்கு அவர் பொறுப்பில்லை. அவருடைய 'இயல்பு' பொறுப்பு. ஒப்புக்கொள்வது போல இருக்கிறது, ஆனால் தப்பித்துக்கொள்கிறார். நான் பார்த்தவரை இந்தத் தப்பித்தல் மௌனமாகப் பொய் சொல்கிறவர்களின் தப்பித்தலைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது, ஏனென்றால் கேட்கிறவர்களும் அதை நேர்மை என்று பாராட்டிவிடுகிறார்கள்.

தன்னைத்தானே ஏமாற்றுவது எப்படிச் சாத்தியம் என்பதும் சுவாரசியமான சிக்கல். வள்ளுவர் "தன்நெஞ் சறிவது பொய்யற்க" என்கிறார். பொய் சொன்னால் தன் நெஞ்சே தன்னைச் சுடும். அதாவது நெஞ்சுக்கு உண்மை தெரியும், வாய்தான் மாற்றிப் பேசுகிறது. அங்கே நெஞ்சு ஒரு சாட்சி. அந்தச் சாட்சியையே நான் ஏமாற்ற முடியுமா? ஏமாற்றுகிறவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும், ஏமாறுகிறவனுக்குத் தெரியக்கூடாது, இங்கே இருவரும் ஒரே ஆள். சார்த்தர் கொடுக்கும் விடை, நமக்கு எவ்வளவு ஆதாரம் போதும் என்பதை நாமே முன்கூட்டித் தீர்மானித்துக்கொள்கிறோம் என்பது. பிடித்த முடிவுக்கு அரைகுறை ஆதாரம் போதும். பிடிக்காத முடிவுக்கு எத்தனை ஆதாரம் வந்தாலும் 'இன்னும் யோசிக்கணும்' என்போம். அப்படியானால் நெஞ்சு சுடாமலே போகலாம். சுடவில்லை என்பதை வைத்து நான் உண்மையாக வாழ்கிறேன் என்று முடிவு கட்ட முடியாது. வள்ளுவரின் எச்சரிக்கை இதனால் பொய்யாகிவிடவில்லை. சுடக்கூடிய நெஞ்சைக் காப்பாற்றி வைத்திருப்பதே ஒரு வேலை என்று புரிகிறது.

சரி, உள்ளே தயாராக ஓர் 'அசல் நான்' இல்லை என்றால், முடிவுகளை எதை வைத்து எடுப்பது? 1945 அக்டோபர் 29 அன்று பாரிஸில் ஆற்றிய உரையில் சார்த்தர் ஒரு மாணவரின் கதையைச் சொன்னார். ஜெர்மனி பிரான்ஸை ஆக்கிரமித்திருந்த காலம். அந்த இளைஞனின் அண்ணன் 1940 தாக்குதலில் கொல்லப்பட்டிருந்தார். அப்பா எதிரியோடு ஒத்துப்போகிற பக்கம் சாய்ந்திருந்தார். அம்மாவோடு அவருக்குச் சண்டை வேறு. அம்மாவுக்கு இருந்த ஒரே பிடிப்பு இந்த மகன். அவனுக்கோ இங்கிலாந்து போய் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர வேண்டும், அண்ணனுக்காகப் பழிவாங்க வேண்டும் என்ற வேகம். இருந்தால் ஒரே ஒரு மனுஷிக்கு நிச்சயமான உதவி. போனால் ஒரு நாட்டுக்கே உதவி, ஆனால் அது ஏதாவது ஓர் அலுவலக மேசையில் போய் முடங்கிவிடலாம். என்ன செய்வது என்று கேட்டான். நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு என்பதுதான் சார்த்தரின் பதில்.

இது கைகழுவிவிடுகிற பதில் என்று பலர் கோபப்படுவார்கள். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் அந்த உரையில் நான் மிகவும் மதிக்கிற பகுதி இந்த இடத்தில்தான் வருகிறது. இளைஞன், என் உணர்ச்சி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதைச் செய்துவிடலாமே, அம்மா மேல் உள்ள பாசம் போதுமான அளவு பெரியது என்று தோன்றினால் இருந்துவிடலாமே என்கிறான். அந்தப் பாசம் பெரியது என்று எப்படித் தெரியும்? அவன் இருந்தால்தான் தெரியும். இருந்த பிறகுதான், 'அம்மாவோடு இருக்கும் அளவுக்கு அவளை நேசித்தேன்' என்ற வாக்கியம் உண்மையாகும். உணர்ச்சியைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றால், அந்த உணர்ச்சியே முடிவுகளால்தான் உருவாகிறது. மனசைக் கேள், மனசு சொல்வதைச் செய் என்கிற அறிவுரையைக் கேட்டுக் கேட்டுக் குழம்பிப்போன எத்தனையோ இளைஞர்களோடு பேசியிருக்கிறேன். மனசு பேசாததற்குக் காரணம் அவர்கள் சரியாகக் காது கொடுக்காதது இல்லை. அங்கே இன்னும் எதுவும் எழுதப்படவில்லை.

இப்போது 'வேறு வழியில்லை' என்ற பேச்சுக்கு வருகிறேன். என் அனுபவத்தில், தன்னேமாற்று அதிகம் குடியிருப்பது இந்த இரண்டு சொற்களில்தான். 'குடும்பத்துக்காக இந்த வேலையில் இருக்கிறேன், வேறு வழியில்லை' என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் வேறு வழிகள் இருக்கும். அவற்றின் விலையைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமே கிடையாது. குழந்தைகளின் படிப்பு நிற்கக்கூடாது என்பதற்காக, பிடிக்காத வேலையில் இருப்பது மிக நல்ல முடிவாக இருக்கலாம். அதை முடிவு என்று ஒப்புக்கொண்டால் போதும். ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்றால், மாட்டிவிட்டார்கள் என்ற கசப்பு சேர்ந்துகொண்டே வரும்; ஒருநாள் அந்தக் குழந்தைகள் மேலேயே அது போய் விழும். 'உங்களுக்காகத்தானே நான் இப்படி ஆனேன்' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சின் கனம் தெரியும்.

இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் எப்போதும் வழி இருக்கிறது என்று சொல்வது கொடுமையாகிவிடலாம். 1940 வாக்கில் சார்த்தரோடு இதைப் பற்றித்தான் பிரெஞ்சுத் தத்துவவாதியும் எழுத்தாளருமான சிமோன் தி பொவ்வா வாதாடினார். அந்தப்புரத்தில் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு என்ன மாதிரி சுதந்திரம் சாத்தியம் என்று கேட்டார். அந்த வாழ்க்கையைக்கூடப் பல விதமாக வாழ முடியும் என்றார் சார்த்தர். பொவ்வா அரைமனதாகத்தான் விட்டுக்கொடுத்தார். இருபது வருடம் கழித்துத் தன் நினைவுக்குறிப்பில் அதை எழுதும்போது, அடிப்படையில் என் பக்கம்தான் சரி என்கிறார். நானும் பொவ்வா பக்கம்தான். கடனும் நோயும் வன்முறையும் ஒருவரின் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்ட பிறகு, நீ சுதந்திரமானவன் என்று வெளியே நின்று சொல்வதில் அர்த்தம் இல்லை. கதவைத் திறக்கக் கை கொடுக்க வேண்டும். 1947-இல் அவர் எழுதிய அறநூலின் மையமே, மற்றவர்களின் சுதந்திரத்தை விரும்பாமல் என் சுதந்திரத்தை மட்டும் நான் விரும்ப முடியாது என்பதுதான். 1949-இல் வந்த 'இரண்டாம் பாலினம்' நூலில் அதைப் பெண்களின் வாழ்க்கை முழுவதிலும் வைத்துக் காட்டினார். இருத்தலியல் என்றாலே சார்த்தர் பெயரைச் சொல்லிவிட்டு பொவ்வாவை அவருடைய துணைவியாக மட்டும் குறிப்பிடும் வழக்கம் எனக்கு எரிச்சலூட்டும். அசலாக வாழ்வதில் மற்றவர்களுக்கு என்ன இடம் என்ற கேள்வியில் அவர் சார்த்தரைவிட முன்னால் போனவர்.

சார்த்தருமே 1946-இல் யூத வெறுப்பைப் பற்றி எழுதும்போது இதற்கு அருகில் வந்தார். அசலாக இருப்பது என்றால், தான் இருக்கும் நிலைமையைத் தெளிவாகப் பார்ப்பது, அதன் பொறுப்பையும் ஆபத்தையும் ஏற்பது, சில சமயம் பெருமையோடு, சில சமயம் அவமானத்தோடு, சில சமயம் வெறுப்போடுகூட ஏற்பது என்று வரையறுத்தார். பாருங்கள், இதில் மகிழ்ச்சி என்ற சொல்லே இல்லை. 'உண்மையாக வாழ்ந்தால் நிம்மதி கிடைக்கும்' என்ற வாக்குறுதியை இவர்கள் யாரும் கொடுக்கவில்லை.

நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற பயம் உங்கள் கேள்விக்கு அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த நாலு பேர் யார் என்று தேடினால் ஆள் கிடைக்காது. 1927-இல் ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் இந்த முகமற்ற கூட்டத்தைப் பற்றித்தான் எழுதினார்: எல்லோரும் ரசிப்பதை ரசிக்கிறோம், எல்லோரும் அதிர்ச்சியடைவதற்கு அதிர்ச்சியடைகிறோம், அந்த 'எல்லோரும்' யாருமில்லை. என் சாவு என்னுடையது மட்டும் என்று உணரும்போது அந்தப் பிடி தளர்கிறது என்றார். மிகக் கூர்மையான பார்வை. அதே ஹைடெக்கர் 1933 மே மாதம் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், பிரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைவராக அந்த ஆட்சிக்குத் துணைபோனார். கூட்டத்தின் குரலை இவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டியவர், வரலாற்றிலேயே மிக மோசமான கூட்டத்தோடு போய் நின்றார். இதை ஒரு தனிமனிதரின் சறுக்கல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உறுதியாக, முழு மனதோடு, என்னுடையதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன் என்றால், தேர்ந்தெடுத்தது நல்லதாகிவிடுமா? அதைச் சோதிக்க அந்தச் சிந்தனைக்குள் ஓர் அளவுகோல் இல்லை.

ஹைடெக்கரின் பழைய நண்பரும் தத்துவவாதியுமான கார்ல் யாஸ்பர்ஸின் மனைவி கெர்ட்ரூட் யூதர். அதன் காரணமாக 1937-இல் யாஸ்பர்ஸின் பேராசிரியர் பதவி பறிக்கப்பட்டது. பிறகு எழுதவும் தடை. மனைவியை விட்டு விலகாமல் போர் முடியும்வரை ஹைடல்பர்க்கிலேயே இருவரும் இருந்தார்கள். 1945 டிசம்பரில் ஹைடெக்கரைப் பற்றிப் பல்கலைக்கழகக் குழு கருத்துக் கேட்டபோது, அவருடைய சிந்தனை முறை சுதந்திரமற்றது, சர்வாதிகாரத் தன்மை கொண்டது, பிறரோடு உரையாடலுக்கு இடம் தராதது என்று யாஸ்பர்ஸ் எழுதினார். மூன்றாவது குற்றச்சாட்டைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். யாஸ்பர்ஸைப் பொறுத்தவரை உண்மை தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை. என்னைக் கேள்வி கேட்க உரிமை உள்ள இன்னொருவரோடு பேசிப் பேசித்தான் அது தெளிகிறது. நீங்கள் இதையெல்லாம் தனியாகவே யோசித்துக்கொண்டிருந்தால், ஒருவரிடமாவது பேசுங்கள். 'நீ சொல்வதில் ஏதோ இடிக்கிறது' என்று தயங்காமல் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

மற்றவர்களிடம் உண்மை பேசுவது பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு தன்னை இருத்தலியல்வாதி என்று அழைப்பதை ஏற்கவில்லை, ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் சொன்னதைத் தவிர்க்க முடியாது. தன் 'அந்நியன்' நாவலுக்குப் பின்னால் எழுதிய ஒரு முன்னுரையில், பொய் என்பது இல்லாததைச் சொல்வது மட்டுமில்லை, உணர்ந்ததைவிட அதிகமாகச் சொல்வதும் பொய்தான் என்றார். எனக்கு இது பெரிய திறப்பாக இருந்தது. முகத்துக்கு நேரே கசப்பானதைச் சொல்வதைத்தான் துணிச்சல் என்று நினைக்கிறோம். தினசரி வாழ்க்கையில் அதிகம் நடப்பது மிகைதான்: இல்லாத உற்சாகம், இல்லாத அதிர்ச்சி, இல்லாத நிச்சயம். உங்கள் மூன்று முகங்களிலும் எங்கே மிகை இருக்கிறது என்று பாருங்கள். அதைக் குறைக்க யாரையும் விட்டுப் போக வேண்டியதில்லை.

என் அக்கா மருத்துவமனையில் இருந்தபோது, பார்க்க வந்த எல்லோரும் 'சரியாயிடும், கவலைப்படாதே' என்றார்கள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். ஒருநாள் மாலை எல்லோரும் போன பிறகு, போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டே கேட்டாள்: "டாக்டர் உன்னை வெளியே கூப்பிட்டு என்ன சொன்னார்டா?"

"உனக்கு எவ்வளவு தெரியணும் அக்கா?"

"எத்தனை நாள்னு வேண்டாம். வீட்டுக்குப் போக முடியுமா, அதை மட்டும் சொல்லு."

"போகலாம். ஆனா இந்த மருந்து இனிமே கேட்காதுன்னு சொல்றாங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பீரோ சாவி எங்க இருக்குன்னு சொல்றேன், எழுதிக்கோ" என்றாள். அதற்குப் பிறகு அவளோடு பேசிய பேச்சுகள் அதற்கு முந்தைய மாதங்களில் பேசியதைப் போல இல்லை. பழைய சண்டை ஒன்றைக்கூடப் பேசித் தீர்த்துக்கொண்டோம். இவான் இலியிச்சை நோயைவிட அதிகம் வதைத்தது சுற்றியிருந்தவர்களின் பொய்தான். கெராசிம் என்ற வேலைக்கார இளைஞன் ஒருவன்தான் எஜமானரின் கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, எல்லோரும்தான் சாகப்போகிறோம், இந்தச் சிரமத்தைப் பட்டால் என்ன என்று இயல்பாகச் சொன்னான். ஆனால் அக்கா கேட்டதற்கு மேல் நான் சொல்லியிருந்தால் அதுவும் வன்முறையாகியிருக்கும். எவ்வளவு தெரிய வேண்டும் என்று கேட்கும் உரிமை அவளுடையது.

ஆக, வேலையை விடுவதா வேண்டாமா? எனக்கு உங்கள் நிலைமை தெரியாது, அதனால் முடிவைச் சொல்ல மாட்டேன். ஒன்றைச் செய்து பார்க்கச் சொல்வேன். 'வேறு வழியில்லை' என்று சொல்லத் தோன்றும் இடங்களில், இருக்கும் மற்ற வழிகளையும் ஒவ்வொன்றுக்கும் யார் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்த விலையை நீங்கள் கொடுப்பீர்களா, இல்லை வீட்டில் இருக்கும் ஒருவர் தலையில் விழுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுதிய பிறகும் அதே வேலையில் இருக்கத் தோன்றினால் இருங்கள். முன்பு இருந்தது போல இருக்க மாட்டீர்கள். விலகத் தோன்றினால், சம்பந்தப்பட்டவர்களிடம் முதலில் பேசிவிட்டு விலகுங்கள். வீட்டில் சொல்லாமல் திடீரென்று காணாமல் போவதைச் சுதந்திரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் முடிவால் பாதிக்கப்படுகிறவர் உங்களைக் கேள்வி கேட்கவே முடியாதபடி செய்வது, மேலே சொன்ன அதே ஒளிந்துகொள்ளல்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் அர்த்தமற்றதாகத் தோன்றுவதோடு தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், காலையில் எழவே முடியாத நிலை வாரக்கணக்கில் நீடித்தால், அதைத் தத்துவம் என்று நினைத்துத் தாங்கிக்கொண்டிருக்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வும் இருத்தல் பற்றிய கேள்வியும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம். முதலாவதுக்குச் சிகிச்சை உண்டு. அது சரியானால் இரண்டாவதைத் தெளிவாக யோசிக்கத் தெம்பு வரும்.

மேற்கொண்டு படிக்க நினைத்தால் சார்த்தரின் பெரிய நூலில் போய் விழாதீர்கள். டால்ஸ்டாயின் அந்தக் குறுநாவலை ஒரே மூச்சில் படித்துவிடலாம், அதிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் சார்த்தரின் 1945 உரை, அதற்கு உடனே பிறகு பொவ்வாவின் அறநூல். உரையில் விட்டுப்போன இடங்களை பொவ்வா நிரப்புவது இந்த வரிசையில் படித்தால் நன்றாகத் தெரியும். ஹைடெக்கர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.